டகோமாவின் முன்பக்கத்தை 2 அங்குலம் உயர்த்த: ஸ்பேசரா, 5100-ஆ, முழு செட்டா?

டொயோட்டா டகோமா ஷோரூமை விட்டு வரும்போதே மூக்கைத் தாழ்த்திக்கொண்டுதான் வருகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி பின்பக்கத்தைவிட ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் குறைவாகத் தெரியும். இதைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். பின் தொட்டியில் சுமை ஏற்றினாலோ டிரெய்லரை மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும். அப்போது வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பது கணக்கு. வெறும் வண்டியாகவே ஆண்டு முழுக்க ஓட்டுபவருக்கு அந்தச் சரிவால் பயனில்லை. பாறையில் ஏறும்போது முன் பம்பர் தட்டுகிறது, கொஞ்சம் பெரிய டயர் போட்டால் உரசுகிறது. முன்பக்கத்தை மட்டும் உயர்த்திச் சமன் செய்யும் லெவலிங் கிட்டைத் தேட ஆரம்பிப்பது இங்கேதான். வழிகள் மூன்று: ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசர், பில்ஸ்டீன் 5100 ஷாக், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு செட்.

இந்த ஒப்பீடு 2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறை டகோமா 4x4 வண்டிக்கானது. 2005 முதல் 2015 வரையிலான இரண்டாம் தலைமுறைக்கும் பெரும்பாலும் பொருந்தும். 2024-இல் வந்தது வேறு வண்டி. அதன் அளவுகளை இங்கிருந்து எடுக்காதீர்கள். டகோமாவின் கரடுமுரடுப் பாதை மாடலான டிஆர்டி ப்ரோ வைத்திருப்பவர்களும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 2017 முதலான ப்ரோவில் ஃபாக்ஸ் ஷாக்குகளும், முன்பக்கத்தைச் சுமார் 1 அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்குகளும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. அதன்மேல் 2 அங்குல ஸ்பேசரை வைத்தால் மொத்தம் 3 அங்குலம். அது லெவலிங் கணக்கைத் தாண்டிய வேலை.

உயரம் எங்கிருந்து வருகிறது

விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த 2 அங்குலத்தைச் சக்கரத்தின் எந்தப் பயணத்திலிருந்து எடுக்கிறோம் என்பதை. வண்டி சமதரையில் நிற்கும்போது முன் சக்கரம் மேலே ஏறவும் இடம் இருக்கிறது, கீழே இறங்கவும் இடம் இருக்கிறது. மேட்டில் ஏறினால் மேலே போகிறது, பள்ளத்தில் விழுந்தால் கீழே தொங்குகிறது. மூன்று வழிகளும் இந்த இரண்டையும் வெவ்வேறு விதமாகத் தின்கின்றன.

டகோமாவின் முன் ஸ்ட்ரட், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரட் நகரும் தூரத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு சக்கரம் நகரும். அரை அங்குல ஸ்பேசர் வைத்தால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலம் உயரும். 1 அங்குல ஸ்பேசருக்கு 2 அங்குலம். "2 அங்குல கிட்" என்று விற்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே 1 அங்குலத் தகடுதான் இருக்கிறதே என்று யாரும் பதற வேண்டாம். அதைவிடத் தடிமனான ஒன்றை வாங்கி வைப்பதுதான் ஆபத்து.

மேல் ஸ்பேசர் என்பது ஸ்ட்ரட்டின் தலைக்கும் சட்டத்திலுள்ள கிண்ணத்துக்கும் நடுவே வைக்கும் உலோக அல்லது கெட்டி பிளாஸ்டிக் வளையம். ஸ்ட்ரட்டைப் பிரிப்பதே இல்லை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் முன்பு எப்படி அமுங்கி நின்றனவோ அப்படியே நிற்கின்றன. எனவே தார்ச்சாலையில் ஓட்டம் மாறாது. "ஸ்பேசர் போட்டால் வண்டி கட்டையாகிவிடும்" என்ற பேச்சு மேல் ஸ்பேசருக்குப் பொருந்தாது. விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. முழு ஸ்ட்ரட்டும் 1 அங்குலம் கீழே தள்ளப்பட்டதால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது முன்பைவிட 2 அங்குலம் அதிகமாகத் தொங்கும். மேல் பால் ஜாயின்ட்டும் (மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) சிவி ஆக்ஸிலும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கம்பெனி எதிர்பார்க்காத கோணத்துக்குப் போகின்றன. எதிர்முனையிலும் சிக்கல் உண்டு. பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பு பழைய இடத்திலேயே இருக்க, ஷாக்கின் அடிமுனை மட்டும் 2 அங்குலம் முன்னதாகவே வந்துவிடுகிறது. பெரிய பள்ளத்தில் வேகமாக இறங்கினால், ரப்பர் தடுப்பு தாங்குவதற்குள் ஷாக்கின் உள்ளே பிஸ்டன் போய் இடிக்கும். ஓரிரண்டு முறை தாங்கும். பிறகு சீல் கசிந்து, ஷாக்கின் உடம்பில் எண்ணெயும் மண்ணும் ஒட்டிக் கறுத்துப்போயிருக்கும்.

பில்ஸ்டீன் 5100 வேறு வழியில் போகிறது. அதன் உடம்பில் சில பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் தாங்கும் வளையத்தை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப, பூஜ்யத்திலிருந்து சுமார் 2.5 அங்குலம் வரை வண்டி உயரும். கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் பயன்படுத்தலாம். தட்டு மேலேறியதால் ஸ்பிரிங் முன்கூட்டியே கூடுதலாக அமுங்கி நிற்கும். ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் முன்பு எத்தனை கிலோ வேண்டுமோ இப்போதும் அத்தனை கிலோதான். அப்படியானால் உயர்ந்த பள்ளத்தில் மாட்டியவர்கள் ஏன் வண்டி கட்டை என்கிறார்கள்? ஷாக்கின் முழு நீளம் ஏறக்குறைய மாறவில்லை, வண்டி மட்டும் உயர்ந்துவிட்டது. சக்கரம் கீழே தொங்க முன்பு 3.5 அங்குலம் இருந்ததென்று வைத்துக்கொள்வோம், 2.5 அங்குலம் உயர்த்தினால் மிச்சம் 1 அங்குலம். வேகத்தடையைத் தாண்டியதும் வண்டி எழும்புகிறது, சக்கரம் தொங்க இடமில்லை, ஷாக் மேல்முனையில் "டொக்" என்று இடிக்கிறது. அந்தச் சத்தத்தைத்தான் கட்டை என்கிறார்கள். நடுப்பள்ளத்தில், அதாவது 1.5 முதல் 1.75 அங்குலத்துக்குள் மாட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

5100-இன் நல்ல குணம் இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. முழுத் தொங்கலில் சக்கரம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்பதால், சிவி ஆக்ஸிலும் பால் ஜாயின்ட்டும் பழைய எல்லைக்குள்ளேயே வேலை செய்கின்றன. மேலே ஏறும் பயணம் கூடுகிறது. ஷாக்கும் புதிது, 46 மில்லிமீட்டர் பிஸ்டனுள்ள ஒற்றைக் குழாய் வகை. நீண்ட மண் சாலையில் கம்பெனி ஷாக்கைவிடத் தாமதமாகத்தான் சூடேறிச் சோர்கிறது.

மூன்றாவது, ஷாக், ஸ்பிரிங், மேல் மவுன்ட் எல்லாம் சேர்த்துப் பொருத்தியே வாங்கக்கூடிய முழு செட். பில்ஸ்டீன் 6112, ஓல்ட் மேன் இமு, ஃபாக்ஸ் போன்றவை இந்த வகை. 6112-இல் பிஸ்டன் 60 மில்லிமீட்டர். தனக்கென்று வடிவமைத்த ஸ்பிரிங்கோடு வருகிறது. உயரத்தைப் பழைய ஸ்பிரிங்கை நெருக்கி வாங்காமல், உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கால் வாங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். தொங்கும் பயணமும் மேலேறும் பயணமும் இரண்டும் ஓரளவு பிழைக்கின்றன. இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி உருளை) மாட்டியவர்களுக்கு இதுதான் சரி. அந்த எடைக்கேற்ற கடினமுள்ள ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கலாம். வெறும் முன்பக்கத்துக்கு வின்ச் ஸ்பிரிங்கை வாங்கிவிட்டால் வண்டி எதிர்பார்த்ததைவிட ஒரு அங்குலம் கூடுதலாக எழும்பி நிற்கும். ஆர்டர் செய்யும்போதே எடையைச் சொல்லுங்கள்.

நான்காவது வழியையும் சொல்லாமல் விடக்கூடாது: எதுவும் செய்யாமல் இருப்பது. 4,000 பவுண்டு டிரெய்லரை வாராவாரம் இழுப்பவருக்குக் கொக்கியின்மேல் மட்டும் சுமார் 400 பவுண்டு இறங்கும். முன்பக்கத்தைச் சமன் செய்துவிட்டு அதை மாட்டினால் வண்டி வானத்தைப் பார்த்து நிற்கும். முன் சக்கரங்களில் எடை குறைந்து ஸ்டியரிங் லேசாகும், எதிரே வருபவர் கண்ணில் விளக்கு அடிக்கும். இழுவை வேலைதான் முதன்மை என்றால், அந்தக் காசைப் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்குச் செலவழிப்பது மேல்.

யாருக்கு எது

வண்டி 60,000 மைல் தாண்டிவிட்டது, ஷாக் இன்னும் கம்பெனிப் பொருள் என்றால் மேல் ஸ்பேசரைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஓய்ந்துபோன ஷாக்கின் தலையில் தகடு வைப்பதற்காக முன்பக்கத்தையே பிரித்து, மறுவருடம் ஷாக் மாற்ற மறுபடியும் அதே நட்டுகளைக் கழற்றி, இரண்டாம் முறை அலைன்மென்ட்டுக்குப் பணம் கட்டுவது வீண். 5100-க்கோ முழு செட்டுக்கோ நேராகப் போய்விடலாம். வண்டி புதிது, பெரும்பாலும் தார்ச்சாலை, 1 முதல் 1.5 அங்குலம் போதும் என்பவருக்கு மெல்லிய மேல் ஸ்பேசர் நேர்மையான தேர்வு. அந்த உயரத்தில் மேலே சொன்ன கோணச் சிக்கல்கள் சிறியவை.

ஜோடி மேல் ஸ்பேசர் சுமார் 100 டாலர். 5100 ஜோடி 300 டாலர் அளவில் தொடங்கும். கடையில் ஸ்பிரிங் மாற்றும் கூலி, புது மேல் மவுன்ட் சேர்த்தால் 500-ஐத் தொடலாம். முழு செட் 700, 800 டாலரில் ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்கும். மூன்றுக்கும் அலைன்மென்ட் செலவு தனி. விலைகள் கடைக்குக் கடை மாறும். விகிதம் இப்படித்தான் இருக்கும். பலருக்கும் நாங்கள் சொல்வது நடுவழி: 5100, நடுப்பள்ளம், ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் கடையில் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டில் செய்வது.

ஸ்பிரிங்கை ஏன் கடையில் கொடுக்க வேண்டும் என்றால், அது விளையாடுகிற பொருள் இல்லை. உதிரிபாகக் கடைகள் இரவலாகத் தரும் கொக்கி வகை கம்ப்ரசர், டகோமாவின் தடித்த ஸ்பிரிங்கில் சரியாக உட்காராது. ஒரு பக்கம் நழுவினால் ஸ்பிரிங் வில்போல் வளைந்து தெறிக்கும். கழற்றிய ஸ்ட்ரட் இரண்டையும் கடைக்குக் கொண்டுபோனால், சுவரில் பதித்த கம்ப்ரசரில் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றித் தருவார்கள். அதற்காகும் கூலி, இந்த வேலையிலேயே நியாயமான செலவு.

இதையொட்டியே இன்னொன்று. பானெட்டைத் திறந்து பார்த்தால் ஸ்ட்ரட்டின் தலையில் வட்டமாக மூன்று 14 மில்லிமீட்டர் நட்டுகள் தெரியும். அவற்றின் நடுவே பிஸ்டன் தண்டில் இன்னொரு நட்டு இருக்கும். ஓர நட்டுகள் மூன்றும்தான் உங்களுடையவை. நடு நட்டு ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கும் நட்டு. கம்ப்ரசர் இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் முழு விசையோடு விடுபடும். கை தவறாமலிருக்க, வேலை தொடங்குமுன் அதன்மேல் சிவப்பு டேப்பை ஒட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஆர்டர் கொடுக்குமுன் பார்க்க வேண்டியது

பணம் கட்டுவதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்து ஒரு பொருளைப் பார்த்துவிடுங்கள். கீழ் கன்ட்ரோல் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு இரண்டாக, மையம் தள்ளிய வட்டத்தலை கொண்ட கேம் போல்ட்டுகள் இருக்கும். உயர்த்திய பிறகு அலைன்மென்ட் செய்பவர் திருப்புவது இவற்றைத்தான். ஒஹாயோ, பென்சில்வேனியா, ஒன்டாரியோ போலக் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் இடங்களில், இந்தப் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். முதலில் வட்டத்தலை நிற்கும் இடத்தைப் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நட்டைத் தளர்த்தி, போல்ட் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். போல்ட் தனியாகச் சுழன்றால் நல்லது. போல்ட்டோடு ரப்பர் புஷ்ஷும் முறுகி, கையை விட்டதும் திரும்பி வந்தால் அது பிடித்துவிட்டது என்று அர்த்தம். துரு தளர்த்தும் எண்ணெயைத் தினமும் ஊற்றி ஒரு வாரம் காத்திருக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் அறுத்து எடுத்து, புது போல்ட்டும் புஷ்ஷும் போட வேண்டும். அந்தச் செலவு கிட்டின் விலையைத் தாண்டும். இது தெரியாமல் சனிக்கிழமை உயர்த்திவிட்டு, திங்கட்கிழமை அலைன்மென்ட் கடையில் "திருப்ப முடியவில்லை" என்று கேட்பவர்கள் ஏராளம்.

அடுத்தது அளவு. நான்கு சக்கரங்களிலும், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டரின் அடி விளிம்பு வரை செங்குத்தாக அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்தால் உங்களுக்குத் தேவையான உயரம் கிடைக்கும். முழுதும் சமனாக்காமல், பின்பக்கம் அரை அங்குலம் மேலே இருக்குமாறு விட்டுவைப்பது புத்திசாலித்தனம்; நான்கு பேர் பெட்டிகளோடு ஏறினாலும் மூக்குத் தூக்காது.

அளக்கும்போது ஓட்டுநர் பக்கம் பயணி பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் காண்பீர்கள். 21 கேலன் பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நிரம்பினால் 55 கிலோவுக்கு மேல். ஓட்டுநரும் அங்கேயே உட்காருகிறார். உயர்த்தும்போது இந்தச் சாய்வு இன்னும் எடுப்பாகத் தெரியும். ஓட்டுநர் பக்கத்து ஸ்ட்ரட்டின் தலையில் கால் அங்குலத் தகடு ஒன்றைக் கூடுதலாக வைத்தால் அரை அங்குலம் சரியாகிவிடும். 5100-இல் ஓட்டுநர் பக்கத்தை மட்டும் அடுத்த பள்ளத்தில் மாட்டுபவர்களும் உண்டு. ஆனால் இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தேவைக்கு அதிகம். தகடுதான் கச்சிதம்.

டயருக்காக உயர்த்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. லெவலிங் செய்தால் டயர் உரசாது என்பது பாதி உண்மை. நிற்கும்போது இடைவெளி கூடுகிறது, ஆனால் பம்ப் ஸ்டாப் மாறாததால் சக்கரம் முழுதாக மேலேறும்போது பழைய இடத்துக்கேதான் வருகிறது. 265/75 ஆர் 16 சிறு உரசலோடு ஒப்பேறும். 285/70 ஆர் 17 போட்டால், முன் சக்கரத்துக்குப் பின்னால் கேபின் மவுன்ட்டில் இடிக்கும். அங்கே இரும்பை வெட்டிப் பற்றவைக்க வேண்டியிருக்கும். எந்த லெவலிங் கிட்டும் அந்த வேலையை மிச்சப்படுத்தாது.

கழற்றுவதும் மாட்டுவதும்

மூன்று வழிகளுக்கும் வண்டியில் செய்யும் வேலை ஒன்றே. ஸ்ட்ரட் வெளியே வந்த பிறகுதான் பிரிகிறது. முதல்முறை செய்பவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் ஆகும். 10, 12, 14, 17, 19, 21 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், நீண்ட பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், நல்ல தரை ஜாக்கி, 3 டன் ஜாக் ஸ்டாண்டு இரண்டு, நீண்ட கடப்பாரை ஒன்று. கீழ் பால் ஜாயின்ட்டுக்கு நான்கு புது போல்ட்டுகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா போல்ட்டில் பூட்டுப்பசை பூசியே வருகிறது. பழையதை அப்படியே திருப்பி மாட்டுவது நல்லதில்லை.

சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை உயர்த்தி, சட்டத்தின் அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கிச் செய்தால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுகி நின்று, ஸ்ட்ரட்டை வெளியே வரவிடாமல் கையோடு மல்லுக்கட்டும். இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் தொங்க வேண்டும். பாரின் இணைப்புக் கம்பியை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள்.

நக்கிளிலும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு வார்ப்பு) மேல் ஆர்மிலும் ஏபிஎஸ் வயரையும் பிரேக் குழாயையும் பிடித்திருக்கும் சிறு கிளிப் போல்ட்டுகளை அடுத்து எடுங்கள். இதை மறந்து நக்கிளைச் சாய்த்தால் முதலில் அறுவது அந்த மெல்லிய ஏபிஎஸ் வயர்தான். பிறகு ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட். பிறகு மேலே மூன்று நட்டுகளில் இரண்டை எடுத்து, ஒன்றை நுனியில் விட்டுவையுங்கள்; அடியில் வேலை செய்யும்போது ஸ்ட்ரட் தலையில் விழாது.

இனி வழி திறக்க வேண்டும். மேல் பால் ஜாயின்ட்டைச் சுத்தியலால் அடித்துப் பிரிப்பது ஒரு முறை. இரட்டை நாக்குக் கரண்டியை (பிக்கிள் ஃபோர்க் என்னும் ஆப்பு) உள்ளே அடித்தால் ரப்பர் உறை கிழியும், அதற்குத் தனியாக பால் ஜாயின்ட் கிடைக்காமல் ஆர்மையே மாற்ற நேரலாம். நாங்கள் விரும்புவது, நக்கிளின் அடியில் கீழ் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் இரண்டு 19 மில்லிமீட்டர் போல்ட்டுகளைக் கழற்றும் முறை. கூம்பு ஜாயின்ட் எதையும் தொட வேண்டியதில்லை. போல்ட்டுகள் வந்ததும் கீழ் ஆர்ம் தாழும், நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அந்த நொடியில் நக்கிளைக் கயிற்றாலோ கம்பியாலோ மேல் ஆர்மோடு கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் அது தன் எடையில் வெளியே சாய்ந்து சிவி ஆக்ஸிலை இழுத்து உள் மூட்டைப் பிரித்துவிடும். கிரீஸ் வழிந்து, வேலை இன்னொரு நாளைக்கு நீளும்.

ஸ்ட்ரட்டை எடுக்குமுன் அதன் தலையில் வெளிப்பக்கம் எது என்று பெயின்ட் பேனாவால் குறியிட்டுக்கொள்ளுங்கள். மேல் மூன்று ஸ்டட்டுகளும் கீழ்க் கண்ணும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் இருந்தால்தான் கீழ் போல்ட் நேராக நுழையும். சில ஸ்பேசர்களில் தனி ஸ்டட்டுகள் இருக்கும், இடது வலது என்று குறிப்பும் இருக்கும். மாற்றி வைத்தால் கீழ்க் கண் திரும்பி நிற்கும். கால் அங்குலத் தகடு போல மெல்லியவை கம்பெனி ஸ்டட்டின்மேலேயே உட்காரும். நட்டை மாட்டிய பின் அதற்கு மேலே இரண்டு மரையாவது வெளியே தெரிகிறதா என்று பார்த்தே இறுக்குங்கள்.

5100-க்குப் பழைய மேல் மவுன்ட்டையே பயன்படுத்துவதாக இருந்தால், அதன் ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் இத்தனையும் மறுபடி கழற்ற வேண்டும்.

ஸ்பேசர் வைத்திருந்தால், மாட்டும்போது ஸ்ட்ரட் முன்பைவிட நீளம், இடமோ அதேதான். கீழ் ஆர்மைக் கடப்பாரையால் அழுத்தித் தாழ்த்தி இன்னொருவர் நுழைக்க வேண்டியிருக்கும். இறுக்கம்: மேல் மூன்று நட்டுகள் 64 நியூட்டன் மீட்டர், கீழ் பால் ஜாயின்ட் போல்ட்டுகள் 160, ஸ்டெபிலைசர் இணைப்பு 70, ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட் 83, சக்கர நட்டுகள் 113. உங்கள் ஆண்டு மாடலின் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டை மட்டும் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். அந்தக் கண்ணில் இருப்பது ரப்பர் புஷ். தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்தக் கோணத்திலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் முறுகியபடியே வாழ்ந்து சில மாதங்களில் கிழியும். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பம்பரை நான்கைந்து முறை அழுத்தி ஆட்டி உட்கார வைத்துவிட்டு, பிறகு அடியில் நுழைந்து இறுக்குங்கள். கேம் போல்ட் நட்டுகளைச் சோதனைக்காகத் தளர்த்தியிருந்தால் அவற்றுக்கும் இதே முறை, பெயின்ட் கோடு பழைய இடத்தில் நிற்க வேண்டும்.

உயர்த்திய பிறகு

அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள். டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருப்பதால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். "பச்சையில் வந்தால் போதும்" என்று விடாமல், அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உயர்த்தினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும். அது 2 பாகைக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் வண்டி கோட்டில் நிற்காமல் அலைபாயும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. கேம்பரை (சக்கரத்தின் மேல்முனை உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) பூஜ்யத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, காஸ்டரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் அரை பாகைக்குமேல் வித்தியாசம் வேண்டாம். 2 அங்குலம் வரை கம்பெனி மேல் ஆர்மிலேயே இது பெரும்பாலும் முடியும். 2.5-ஐத் தாண்டினால் முடியாது. அப்போது வேறு மேல் கன்ட்ரோல் ஆர்ம் வாங்கும் செலவு வந்து நிற்கும். தொங்கும்போது ஸ்பிரிங் கம்பெனி ஆர்மில் உரசுவதும் அந்த உயரத்தில்தான் ஆரம்பிக்கிறது. நாங்கள் 2 அங்குலத்திலேயே நிற்கச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

டிஃபரன்ஷியலை 1 அங்குலம் இறக்கும் தகடுகளைச் சிலர் கூடவே விற்பார்கள். 2 அங்குலத்துக்கு அவை தேவையில்லை. சிவி ஆக்ஸிலின் ரப்பர் உறை மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, வளையமாகக் கிரீஸ் தெறிக்க ஆரம்பித்தால் அப்போது யோசிக்கலாம்.

அலைன்மென்ட்டுக்குப் பிறகு டாஷ்போர்டில் விஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால், வண்டி திரும்புவதை உணரும் சென்சாரின் பூஜ்யப் புள்ளியை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். டொயோட்டா ஸ்கேனர் உள்ள கடையில் சில நிமிட வேலை. 2018 முதலான வண்டியில் முன் ரேடாரும் கேமராவும் இருக்கின்றன. ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்து, தடக் கோட்டு எச்சரிக்கை முன்புபோலவே வருகிறதா என்று கவனியுங்கள்.

500 மைல் ஓடியதும் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள், சக்கர நட்டுகளை 100 மைலிலேயே. மூலைகளில் திரும்பும்போது "டக் டக்" என்றால் மேல் மூன்று நட்டுகளில் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது ஸ்பேசர் கிண்ணத்தில் முழுதாக உட்காராமல் மண் சிக்கியிருக்கும். வேகத்தடையில் மட்டும் "டொக்" என்றால் அது 5100-இன் மேல்முனை இடிப்பு. ஒரு பள்ளம் இறக்குவதுதான் மருந்து.

முகப்பு விளக்கு சரிசெய்வதை வேலை செய்த அன்று இரவே முடித்துவிடுங்கள். இதற்கு ஒரு தயாரிப்பு வேண்டும்: உயர்த்துவதற்கு முந்தின இரவு, சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழும் இடத்தில் டேப் ஒட்டி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உயர்த்திய பின் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தால் வெளிச்சம் டேப்பைவிட அரை அடிக்குமேல் ஏறியிருக்கக்கூடும். விளக்கே மேலேறியது 2 அங்குலம்தான். மிச்சமெல்லாம் மூக்கு நிமிர்ந்ததால் வந்தது. விளக்குக் கூட்டுக்குப் பின்னாலுள்ள திருகைத் திருப்பி, டேப்புக்கு மேலே சரியாக 2 அங்குலத்தில் வெளிச்சத்தின் விளிம்பு நிற்கும்வரை இறக்குங்கள். இரண்டு விளக்குகளையும் தனித்தனியே, மற்றொன்றைத் துணியால் மூடிக்கொண்டு.